மயில் வாடிக்கை

பிச்சையா அண்ணாச்சி எங்கள் ஊருக்கு இயற்கையை அனுபவிக்க வந்தார். இதை நான் கட்டிச் சொல்லவில்லை. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, வந்த ஆள் ஒவ்வொருவரிடமும் அவரே சொன்னார். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துப் பக்கம் முப்பத்தெட்டு வருசம் தோணிக்காரர்களுக்குக் கயிறும் பெயின்டும் ஆணியும் விற்றவர். கடையை மகன் ஜெயகணேஷ் கையில் கொடுத்துவிட்டு, ஏரலுக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையோரம் இருபது சென்ட் வாங்கி மாடி வீடு கட்டியிருந்தார். போன பெருவெள்ளத்தில் ஆள் உயரத் தண்ணீர் நின்ற இடம் அது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மாடியில் நின்றால் ஆறு தெரியும். ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் என் வயல் தெரியும். வில்லங்கமே அங்கேதான்.

என் பெயர் தளவாய். எனக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் நெல் வயல். ஆனியில் நடுகிற கார் போகம் இரண்டு வருசமாகத் தண்ணீர் இல்லாமல் போய்விட்டது. மழைக்காலத்துப் பிசானப் போகம் ஒன்றை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஐப்பசியில் நாற்றுப் பாவி, கார்த்திகை பாதிக்குள் நட்டுவிட வேண்டும். பிந்தி நட்டால் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள், பிறகு வைக்கோலைத்தான் அறுக்கலாம்.

அண்ணாச்சி கழுத்தில் ஒரு பைனாகுலர், கையில் ஒரு பறவைப் படப் புத்தகம். காலையில் நான் மண்வெட்டியோடு போகும்போது மாடியிலிருந்து குரல் வரும்.

“தளவாய், அங்கன மருத மரத்துல நிக்கே, அது என்னதுவே?”

“கொக்கு அண்ணாச்சி.”

“அந்தால நீலமா ஒண்ணு?”

“அதுவும் கொக்கு மாதிரி ஒண்ணுதாம்.”

அவர் புத்தகத்தைப் புரட்டி, அது மீன்கொத்தி என்றும், மீன்கொத்தியிலேயே இந்த ஆற்றில் மூன்று தினுசு உண்டென்றும் எனக்கு வகுப்பு எடுப்பார். ஐம்பது வருசமாக அந்த மரத்தடியில் நடந்தவன் நான். எனக்கு ஆத்திரமாக வரும். ஒருநாள் அவர் சொன்னாரே என்று நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் நாளைக்கு இன்னும் அரைமணி நேரம் நிறுத்திவைப்பார் என்று பேசாமல் போய்விட்டேன்.

ஆவணி மாதம் ஒருநாள் கேட்டார்.

“இங்க சீசன் எப்பம் மாறும்வே? அதப் பாக்கணும்னுதாம் வந்தேன்.”

“எங்களுக்கு ரெண்டு சீசன்தாம் அண்ணாச்சி. வாய்க்கால்ல தண்ணி வாரது ஒண்ணு, வராதது ஒண்ணு.”

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

தூரத்தில் இருக்கிற பறவை அவருக்குப் போதவில்லை. வீட்டுப் பின்பக்கம், என் வயலைப் பார்த்த மாதிரி ஒரு சிமென்ட் தளம் போட்டிருந்தார். அதில் பறவைகளுக்குக் கம்புத் தானியம் தூவ ஆரம்பித்தார். சரியாகக் காலை ஆறு மணி. மழையோ காய்ச்சலோ, ஆறு என்றால் ஆறு. முதல் குருவி வந்து கொத்தியதும் தளத்தைத் தொட்டுக் கும்பிட்டு, “போணி ஆயிட்டு” என்பார். கடை வேறே ஊரில் இருந்தால் என்ன, கடைக்காரர் இங்கேதானே இருந்தார்.

புரட்டாசியில் இரண்டு மயில்கள் வந்தன. அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. “திருச்செந்தூருக்கு நாம போவோம். இப்பம் முருகன் வண்டிய நம்ம வாசலுக்கு அனுப்பிட்டான்” என்று மகனுக்கு வீடியோ அனுப்பினார். என் வீட்டுக்காரி சங்கரம்மாள் வேலியோரம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த இரண்டும் போய் ஊரில் சொல்லியிருக்க வேண்டும். மாதம் முடிவதற்குள் இருபத்தேழு ஆகிவிட்டது. நான் எண்ணவில்லை, அவர்தான் தினமும் எண்ணினார்.

ஐப்பசி ஐந்தாம் தேதி முளைகட்டிய விதையை நாற்றங்காலில் பாவினேன். மூன்றாம் நாள் விடியற்காலை போனால், அண்ணாச்சி கடையில் கம்பைத் தின்று முடித்த மயில்கள், தின்ற வாய்க்கு வேறு ருசி வேண்டுமே என்று வரிசையாக இறங்கி என் நாற்றங்காலைக் கிளறிக்கொண்டிருந்தன. இருபத்தேழு மயில் நடந்த சேற்றில் மிச்சம் என்ன இருக்கும்? கல்லெடுக்கக் குனிந்தேன். சங்கரம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். செந்தூர் கோபுரம் இருக்கிற திசையில் மயிலைக் கல்லால் அடிக்கிற துணிச்சல் எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது. அவள், “முருகா, தப்பா நினைச்சுக்கிடாத, முருகா” என்று கும்பிட்டுக் கும்பிட்டு முந்தானையால் விரட்டினாள். அவை அதையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டு நின்றன.

நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் பதறிப்போனார்.

“எத்தன மூடை விதை வேணும்வே? இன்னைக்கே வாங்கித் தாரேன்.”

“விதை என் மச்சினன்கிட்ட இருக்கு அண்ணாச்சி. போன நாளை எந்தக் கடையில வாங்கித் தருவிய? இன்னொரு மட்டம் பாவலாம், நாள் சரியா இருக்கும். அதுவும் போச்சுன்னா இந்த வருசம் எனக்கு நடவே கிடையாது.”

அவர் முகம் செத்துவிட்டது. “நாளையிலருந்து கம்பு கிடையாது. கடைய அடைச்சாச்சு” என்றார்.

சொன்னபடி செய்தார். நான் மறுபடியும் விதை பாவினேன். மறுநாள் ஆறு மணிக்கு மயில்கள் வந்தன. வெறும் தளத்தைப் பார்த்தன. கொஞ்ச நேரம் நின்றன. அண்ணாச்சி ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவற்றைப் பார்த்தாராம். பிறகு எல்லாம் சேர்ந்து, முன்பு ருசிக்கு வந்த இடத்துக்கு இந்தத் தடவை பசியோடு வந்தன. நானும் சங்கரம்மாளும் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பைச் சுற்றி ஓடினோம். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் இறங்கின. ஒரு மூலை போய்விட்டது. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதைக்கூட அழுது முடிக்க நேரம் இல்லை.

அப்போதுதான் அண்ணாச்சி முதல் தடவையாகச் செருப்பில்லாமல் என் வயலுக்குள் இறங்கி வந்தார்.

“கடையச் சொல்லாமக் கொள்ளாம அடைச்சா வாடிக்கை என்ன செய்யும்வே? பக்கத்துக் கடைக்குத்தாம் போவும். முப்பத்தெட்டு வருசம் யாவாரம் பாத்தவன், இது எனக்குத் தோணாமப் போச்சே!”

“இப்பம் என்ன செய்ய?”

“கடைய மூடக் கூடாது. இடம் மாத்தணும். அதையும் ஒரே நாள்ல மாத்தக் கூடாது.”

அன்றைக்கே கம்பு மறுபடியும் விழுந்தது, ஆனால் தளத்தில் இல்லை, வீட்டுக்கு முன்பக்கம். மறுநாள் அதற்கும் பத்தடி தள்ளி. அடுத்த நாள் சாலைக்கு அந்தப் பக்கம். இப்படியே ஒரு வாரத்தில் வயலைவிட்டு வடக்கே, உடைமரக் காட்டுக்குள் கடை போய்விட்டது. மயில்களும் பின்னாலேயே போயின. அங்கே கம்பு டப்பாவோடு உட்கார வேண்டிய பொறுப்பு அவர் மனைவி சண்முகவடிவு மதினிக்கு. “கல்யாணமான நாள்லருந்து கடைப் பக்கம் எட்டிப் பாக்காமத் தப்பிச்சேன். சாகுத காலத்துல காட்டுக்குள்ள வந்து மயிலுக்குக் கடை நடத்துதேன்” என்று போகிற வருகிற எல்லோரிடமும் முறையிட்டார்.

பழைய கடையை மறக்காத வாடிக்கை நாலைந்து இருக்கும் அல்லவா? அவற்றுக்காக அண்ணாச்சியே காவலுக்கு வந்தார். நான் கேட்கவில்லை. விடிந்ததும் எண்ணெய் டின் ஒன்றும் குச்சி ஒன்றுமாக வரப்பில் நிற்பார். மயில் தலை தெரிந்ததும் டின்னைத் தட்டிக்கொண்டு, “போ, போ, அங்கன போ, அங்கன தாராங்க” என்று வழி சொல்லி அனுப்புவார். மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்துக்கு மாறி, கரை தொட்டு ஓடியது. வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாகப் பறவைகள் தலைக்கு மேலே போயின. அவர் வருசம் பூராவும் காத்திருந்த சீசன் அதுதான். பார்க்க முடியவில்லை. ஒரு கையில் டின், ஒரு கையில் குச்சி, கழுத்தில் பைனாகுலர் சும்மா தொங்கி நனைந்தது. காலில் சேற்றுப்புண் வந்தது, தொண்டை கட்டிக்கொண்டது. இயற்கையை அனுபவிப்பது என்றால் என்ன என்று அந்த நாட்களில்தான் அவருக்கு முழுசாக விளங்கியிருக்கும்.

நாற்று ஒரு சாண் வளர்ந்து பச்சைப்பசேல் என்று நின்றது. இன்னும் ஆறு நாள் தாண்டினால் பறித்து நட்டுவிடலாம். அன்று நடவுக்குத் தண்ணீர் முறை கேட்க நான் ஸ்ரீவைகுண்டம் போயிருந்தேன். சங்கரம்மாள் ரேசன் கடைக்குப் போய்விட்டாள். அண்ணாச்சி தனியாகக் காவல். மத்தியானம் நான் திரும்பி வந்தபோது, நசுங்கிப்போன டின்னை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புத்தகம் திறந்து கிடந்தது.

“தளவாய், இதப் பாரும்” என்று ஒரு படத்தில் விரலை வைத்தார். வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு, சிவந்த நீள மூக்கு, சிவந்த கால். செங்கால் நாரை.

“ரெண்டு வந்துச்சு. பெருசுன்னா அம்புட்டுப் பெருசு. நான் நிக்கேன்னுகூடப் பாக்கல. எட்டடி தள்ளி எறங்கிச்சு. இந்தப் புஸ்தகத்துல போட்டிருக்காம்லா, எங்கயோ பனி பெய்யுத நாட்டுலருந்து பறந்து வாருதாம். பதினோரு மாசம் மாடிப்படி ஏறி ஏறி எறங்கினேன், குருவி, மயிலத் தவிர ஒண்ணு கிட்ட வரல. இன்னைக்கு என் முன்னால வந்து நிக்கு.”

“பொறவு?”

“ஒண்ணு கால எடுத்து நாத்துக்குள்ள வச்சுது. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் பாத்துக்கிடுதேனேன்னு மனசு கெடந்து அடிச்சுது. பொறவு நீரு சொன்னது ஞாபகம் வந்துட்டு. இது போச்சுன்னா நடவே கிடையாதுன்னு சொன்னீருல்லா. கண்ண மூடிக்கிட்டு அடிச்சேன்வே. டின்னு நசுங்குத மட்டும் அடிச்சேன். முழிச்சுப் பாத்தா புன்னக்காயல் பக்கமாப் போய்க்கிட்டிருக்கு.”



நான் நாற்றங்கால் ஓரத்தைப் பார்த்தேன். சேற்றில் நீளநீளமான கால்தடம். தடத்துக்குப் பக்கத்தில் உடைந்த நண்டு ஓடுகள். ஒரு வாரமாக ஓரத்து நாற்றை வயல் நண்டுதான் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தது. செங்கால் நாரை நெல்லைத் தொடாது. நண்டையும் வெட்டுக்கிளியையும்தான் தேடித் தேடித் தின்னும். எங்கள் ஊரில் அது வயலில் இறங்கிவிட்டால் மடை திறக்கப் போகிறவன்கூடச் சுற்றிக்கொண்டு போவான், வந்த வேலையை முடிக்கட்டும் என்று. எதை விரட்ட வேண்டும் என்று அண்ணாச்சிக்குச் சொன்ன நான், எதை விரட்டக் கூடாது என்று சொல்லவே இல்லை. அவருக்குப் பறவை தெரியாது என்று ஒரு வருசமாக மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது வெட்கமாக இருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தளவாய், அது நாத்தத் திங்கும்லா?”

உண்மையைச் சொன்னால் அந்த மனுசன் என்ன ஆவார்?

“திங்குமாவா? ஒரு மணி நேரம் விட்டிருந்தா வேரு கூட மிஞ்சியிருக்காது அண்ணாச்சி. நீங்க இருந்ததுனால பொழைச்சேன்.”

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. டின்னின் நசுங்கலைக் கல்லால் தட்டி நேராக்கினார்.

“அப்பம் சரி. நாளைக்கும் வருதான்னு பாக்கேன்.”

நாளைக்கும் வந்தன, அதே இரண்டும். நான் வாய்க்கால் கரையில் நின்றிருந்தேன். மருத மரத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, கால்களைத் தொங்கவிட்டு, நாற்றங்காலுக்கு இறங்கின. வரப்போரத்தில் ராத்திரி நண்டு வெட்டிய நாற்று கொத்துக் கொத்தாக மிதந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு டின்னை ஓங்கி ஓங்கி அடித்தார். அவை தெற்கே திரும்பிப் போய் மறைந்ததும், சரியாகச் செய்தேனா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் இரண்டு கையையும் தூக்கி, பிரமாதம் என்று காட்டினேன்.