பாகான் டத்தோவிலிருந்து ஒரு பாட்டு

“அக்கா, திரிய எறக்கு. சட்டி கரி பிடிக்குது பாரு.”

மங்களம் கடைசியாகச் சொன்னது இதுதான். நவமணி மண்ணெண்ணெய் அடுப்பின் திரியை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் தங்கை குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். மதியத்துக்கு முன்பே, வாத்து வளர்க்கும் சீனர் ஒருவர் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றார். கையை நீட்டிக் குட்டைப் பக்கம் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதை அவரால் சொல்லியிருக்க முடியாது.

ஈப்போவைச் சுற்றிப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்குப் பஞ்சமில்லை. கரையெல்லாம் மணல். மழை பெய்தால் காலடியில் சரியும். அந்த வழியாக யாரும் வேலைக்குப் போவதில்லை. மங்களமும் போனவளில்லை, அந்தக் கடைசி மாதம்வரை. முச்சந்தி வழியாக நல்ல தார்ச்சாலை இருக்க, ஐந்து மாத வயிற்றோடு அவள் ஏன் மணற்கரையில் நடந்தாள்? அந்தக் கேள்வியைக் கேட்க நவமணி ஒருத்திதான் இருந்தாள். பதிலும் அவளிடமே இருந்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

பதிலின் பெயர் பத்துமலை. மங்களத்தின் முதல் புருஷன்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கோவிலில், ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுத் தாலி கட்டிய கல்யாணம் அது. பத்துமலை அடிக்கமாட்டான், குடிக்கமாட்டான். ஆனால் மங்களத்தின் செருப்பில் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு, அவள் தேடித் தேடிக் களைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். உப்பு டப்பாவில் சீனியைக் கொட்டி வைப்பான். பிறகு நாலு பேர் முன்னால் அவள் தலையைத் தடவி, “இதுக்கு வரவர ஞாபகமே இல்ல, பாவம்” என்பான். இரவில் அவள் கண் விழிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஏன் என்று கேட்டால், “நீ போயிருவ. அதான் பாத்துக்கிறேன்” என்பான்.

இரண்டு வருடம் பொறுத்துவிட்டு மங்களம் பஞ்சாயத்துக்குப் போனாள். கோவில் கமிட்டித் தலைவர் அப்பாவு விசாரித்தார்.

“அடிச்சானா?”

“இல்ல.”

“குடிச்சிட்டு வந்து ஆடுனானா?”

“இல்ல.”

“அப்புறம் என்னதாம்மா கொற? செருப்ப ஒளிச்சு வச்சான்னா அது வெளையாட்டு லா. எம்பொண்டாட்டி எம்பல்லு செட்டையே ஒளிச்சு வைக்கிறா, நான் பஞ்சாயத்தா வச்சேன்?”

கூட்டம் சிரித்தது. நவமணி எழுந்து, தங்கை இனி அந்த வீட்டுப் படி ஏறமாட்டாள் என்றாள். கல்யாணம் ஆகாதவளுக்குப் புருஷன் பெண்டாட்டி விஷயம் என்ன தெரியும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மங்களம் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். பத்துமலை அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “எங்க இருந்தாலும் அவ நல்லா இருக்கணும்” என்றான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அவனுக்காக.

பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். சனங்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். பத்துமலை தென்னந்தோப்பு வேலைக்கு பாகான் டத்தோவுக்குப் போனான். அக்காளும் தங்கையும் ஈப்போவின் ஓரத்தில் ஒரு பலகை வீட்டு வரிசையில் குடியேறினார்கள். நவமணி ஒரு துணிக்கடைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். மங்களம் கடலைத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே வேலை செய்த ஒருத்தியின் தம்பி கார்த்திகேசு, சிம்பாங் பூலாய் மலையிலிருந்து கல் ஏற்றும் லோரி ஓட்டுபவன், அவளைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். சத்தமாகச் சிரிப்பான். யார் எதைச் சொன்னாலும் நம்புவான். அவன் வந்து சேர்ந்த பிறகு மங்களம் உப்பை நாக்கில் வைத்துப் பார்க்காமலே குழம்பில் போட ஆரம்பித்தாள். அதை நவமணி கவனித்தாள்.

கல்யாணமாகி இரண்டு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், ரேடியோவில் விருப்பப் பாடல். அந்த நேரத்தில் அந்த வரிசையில் வேறு சத்தமே இருக்காது. பாட்டைவிடப் பெயர்தான் முக்கியம். தபால் கார்டில் பாட்டையும் கேட்கப்போகிறவர்களின் பெயர்களையும் எழுதிப் போட்டால் அறிவிப்பாளர் வாசிப்பார். பெயர் வந்த வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம்.

“பாகான் டத்தோவிலிருந்து பத்துமலை, ஈப்போவில் வாழும் புதுமணத் தம்பதியர் மங்களம், கார்த்திகேசு, அன்பு அக்கா நவமணி ஆகியோருக்காக விரும்பிக் கேட்கும் பாடல்” என்றது தேன் போன்ற குரல்.

தோட்டத்துக் கோவிலில் தாலி கட்டும்போது போட்ட அதே பாட்டு. பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மங்களம் கத்தியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். நவமணி போய்ப் பார்த்தபோது குழாயடியில் வெறுமனே நின்றிருந்தாள்.

கார்த்திகேசு சிரித்தான். “பழைய ஆளா? பரவால்ல லா, பெரிய மனசு. எம்பேரு ரேடியோவுல வந்ததே இல்ல அக்கா, இதான் மொத தடவ.”

மறு மாதமும் வந்தது, அதே பாட்டு. இந்த முறை, “தினமும் முச்சந்திப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு நடந்து செல்லும் மங்களம்” என்று வாசித்தார்கள். அடுத்த முறை, பச்சை வர்ணம் அடித்த அவர்கள் வீட்டுக் கதவு வந்தது. கதவுக்கு வர்ணம் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு காளியம்மாவின் பெயரும் அதோடு சேர்ந்து வந்தது. காளியம்மா வரிசை முழுக்க நடந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த முறை, “பிறக்கப்போகும் செல்வத்துக்கும்” என்று அறிவிப்பாளர் முடித்தபோது, கார்த்திகேசு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே அதுவரை தெரியாது. முழுதாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று அக்காளும் தங்கையும் வைத்திருந்த சேதி அது.

நவமணி நேரே அடுத்த வீட்டுக்குப் போனாள்.

“ஒங்க பேரு அவனுக்கு எப்படித் தெரியும் அக்கா?”

“நாந்தான் கார்டு போட்டேன். எம்பேரையும் சேத்துக்கப்பான்னு. பாவம், நல்ல புள்ள. ஒடனே பதில் போட்டுச்சு. மங்களம் சௌக்கியமான்னு கேட்டிருந்துச்சு.”

“நீங்க என்ன எழுதுனீங்க?”

“உள்ளதத்தான். காலையில வாந்தி எடுக்குது, எல்லாம் நல்ல சேதிதான்னு. பலகைச் செவுரு, என் காதுல விழாமயா இருக்கும்?”

“அவன் நல்லவன் இல்லக்கா.”

“ஒந்தங்கச்சிய அடிச்சானா?”

நவமணி வாசலுக்குத் திரும்பினாள்.

“அடிக்கல இல்ல?” என்றாள் காளியம்மா. “கட்டுனவன விட்டுட்டு வந்தவளுக்குப் பாட்டு வேற போடுறான். எம்புருசன் நான் செத்தாலும் சங்கு ஊத மாட்டான்.” அதன்பிறகு முகத்தைத் தூக்கிக்கொண்டு பல நாள் பேசவில்லை.

மங்களம் கத்தவில்லை, அழவில்லை. “செருப்ப ஒளிச்சு வச்சிட்டு நான் தேடுறதப் பாக்குறான்க்கா. அப்ப ஒரு வீட்டுக்குள்ள. இப்ப ஊருக்குள்ள” என்றாள். மறுபடி உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு வேளைச் சமையலுக்குள் மூன்று முறை.

நவமணி நச்சரித்ததில் கார்த்திகேசு ஒரு சனிக்கிழமை பாகான் டத்தோவுக்கு லோரியிலேயே கிளம்பினான். ரெண்டு அறை கொடுத்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனான். இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்து, முதுகிலிருந்து ஒரு கோணிப்பையை அடுப்படியில் இறக்கினான்.

“என்னது இது?” என்றாள் நவமணி.

“தேங்கா. வேணாம்னாலும் விடல. எளநி வெட்டிக் குடுத்தான், சோறு போட்டான். அழுவுறான்க்கா அவன். தங்கச்சி மாதிரி நெனச்சுப் பாட்டுப் போட்டேன், புடிக்கலன்னா நிறுத்திடுறேன்னு கையப் புடிச்சுக்கிட்டான்.”

“பொண்டாட்டியா இருந்தவள எவனாச்சும் தங்கச்சின்னு சொல்லுவானா?”

“நீங்க எல்லாத்தையும் கோணலாவே பாக்குறீங்கக்கா.”

அந்தத் தேங்காய்களை மங்களம் தொடவில்லை. அவை மூலையில் கிடந்து முளைவிட்டன. பாட்டும் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு, தன் ஏழைக் குடிசைக்கு வந்து போன அன்பு மைத்துனர் கார்த்திகேசுவுக்கு என்று வந்தது. கார்த்திகேசுவுக்கு வாயெல்லாம் பல்.

கடைசியில் நவமணி தங்கையைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். தமிழ்க் கோப்பரல் ஒருவர் இருந்தார். பொறுமையாகத்தான் கேட்டார்.

“மெரட்டி எழுதுனானா?”

“இல்ல. பாட்டுப் போடுறான்.”

“என்ன பாட்டு?”

சொன்னாள். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். “நல்ல பாட்டுதானே அக்கா. இதுக்கு நான் என்ன கேஸ் எழுதுறது?”

“அவ எந்த வழியா போறா, வீட்டுக் கதவு என்ன நெறம், வயித்துல புள்ள இருக்குன்னு எல்லாம் சொல்றான்.”

“போன மாசம் டவுன்ல ஒரு இங்கிலீஷ் படம் ஓடுச்சே, பாத்தீங்களா? விட்டுட்டுப் போன பொண்டாட்டியத் தேடி வந்து புருசன் பழி வாங்குறது. அது வந்ததுலேர்ந்து ஒங்கள மாதிரி ரெண்டு மூணு பேரு வந்துட்டாங்க. வயாங் பாத்துட்டுப் பயந்தா எப்படி லா? அந்தப் படத்துல அவன் கையில கத்தி இருந்துச்சு. இவன் கையில என்ன இருக்கு? தபால் கார்டு.”

மங்களம் முதல் முறையாக வாயைத் திறந்தாள். “கத்தி வச்சிருந்தா நீங்க வருவீங்க. அது அவனுக்குத் தெரியும் சார்.”

கோப்பரல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, “ரொம்பப் பயமா இருந்தா வழிய மாத்திக்கம்மா. முச்சந்தி வேணாம்” என்றார்.

சட்டமும் ஊரும் சேர்ந்து அவளுக்குக் கொடுத்த ஒரே உதவி அதுதான். அவளும் எடுத்துக்கொண்டாள். முச்சந்தியை விட்டால் மிச்சம் இருந்தது குட்டைக் கரை. அங்கே வேண்டாம் என்று நவமணி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். “அந்த வழி ரேடியோவுல வரலக்கா” என்றாள் மங்களம். மழைக்காலம் பிறந்தது.

சாவு வீட்டுக்கு பத்துமலை வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மாலை. கார்த்திகேசு அவன் தோளில் விழுந்து அழுதான். பத்துமலை அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். பாடையின் ஒரு பக்கத்துக்குத் தோள் கொடுக்கட்டுமா என்று அடக்கமாகக் கேட்டான். கூடியிருந்தவர்கள் உருகிப்போனார்கள். விட்டுட்டுப் போனவளுக்கு இப்படி ஒருத்தன் வருவானா என்று காளியம்மா சொன்னது நவமணியின் காதில் விழுந்தது.

அவன் நவமணியிடமும் வந்தான். கையைக் கூப்பி, மற்றவர் காதில் விழாதபடி, மெதுவாகக் கேட்டான்:

“கர வழியா ஏன்க்கா போக விட்டீங்க?”

நவமணி அவன் சட்டையைப் பிடித்தாள். பிடித்தது மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தது. நாலைந்து பெண்கள் ஓடிவந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். சாவு வீட்டில் என்ன இது, பிணம் கிடக்கும்போது சண்டையா என்று அதட்டினார்கள். அவன் கிழிந்த காலரைத் தடவிக்கொண்டு, “விடுங்க, பெத்த புள்ள மாதிரி வளத்தவங்க, தாங்கல” என்றான். பிறகு தோள் கொடுத்தான்.

காரியம் முடிந்ததும் நவமணி ஸ்டேஷனுக்குப் போனாள். அதே கோப்பரல். இந்த முறை சிரிக்கவில்லை.

“விசாரிச்சாச்சுக்கா. அன்னிக்கு அவன் பாகான் டத்தோவுலதான் இருந்தான். தோப்பே சாட்சி சொல்லுது.”

“அவன் இங்க இருந்தான்னு நான் சொல்லலையே. அவ ஏன் அங்க போனான்னு கேளுங்க.”

“மழையில கர சரிஞ்சிருச்சு.”

“அதுக்கு முன்னாடி?”

அவர் பேனாவை மூடினார். “அதுக்கு முன்னாடி நடந்தத எழுத இதுல எடம் இல்லக்கா.”

வழியை மாற்றச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. அவருக்கு அது ஞாபகம் இருந்தது. முகத்திலேயே தெரிந்தது. அது அவளுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

மிச்சம் இருந்தது ரேடியோ. நவமணி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வரை படித்தவள். வரிசையில் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வந்தால் அவள்தான் படித்துச் சொல்வாள். தபால் கார்டு போதாது என்று நாலு பக்கம் எழுதினாள். செருப்பிலிருந்து குட்டைக் கரை வரை, யார் மீதும் வீண்பழி வராதபடி, நிதானமாக. இனி அந்த மனிதனின் விருப்பத்தை வாசிக்க வேண்டாம், அந்தப் பாட்டைத் தயவுசெய்து எங்கள் பெயரில் போட வேண்டாம் என்று முடித்தாள். பாட்டின் பெயர், எல்லோருடைய பெயர், ஊர், எல்லாம் விவரமாக எழுதியிருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு அறிவிப்பாளரின் குரல் கொஞ்சம் தாழ்ந்து வந்தது.

“அண்மையில் இயற்கை எய்திய மங்களத்தின் நினைவாக பாகான் டத்தோவிலிருந்து பத்துமலையும், ஈப்போவிலிருந்து அக்கா நவமணியும் விரும்பிக் கேட்கும் பாடல்.”

பாட்டு ஆரம்பித்தது. நவமணி ரேடியோவை அணைத்தாள். பாட்டு நிற்கவில்லை. இடது பக்கத்து வீட்டில், வலது பக்கத்து வீட்டில், எதிர் வரிசையில், எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. பலகையைத் தட்டினாள் காளியம்மா. இத்தனை நாள் பேசாதிருந்தவள்.

“நவமணி, கேட்டியா? ஒம்பேரும் அவம்பேரும் சேந்து வந்துச்சு. நல்ல காரியம் பண்ண. செத்தவ மனசு குளிரும்.”

அதன்பிறகு பத்துமலை கார்டு போடுவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு இனித் தேவை இல்லை.

வருடங்கள் ஓடின. கார்த்திகேசு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போனான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோப்பரல் பாரிட் புந்தாருக்கு மாற்றலாகிப் போனார். ஸ்டேஷனுக்குப் புது ஆள் வந்தார் என்று கேள்விப்பட்டால் நவமணி ஒரு நடை போய்விட்டு வருவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ஓர் இளம் அதிகாரி அவளுக்கு நாற்காலி போட்டு, முழுவதையும், குறுக்கே பேசாமல் கேட்டார். பழைய கோப்புக் கட்டை எடுத்து வரச் சொல்லித் தூசி தட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா” என்றார். “ஆனா நான் எதையும் மாத்த முடியாது.”

மங்களத்தின் சாவுக்குக் காரணம் மழை என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது.