கதவில் மெத்தோதியின் பாதி முகம்

1

இந்தக் கதைக்கு விதை ஒரே ஒரு தகவல். பல்கேரியாவில் மெல்னிக் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுகிற ஸ்லாவ்கா என்ற அம்மாள், தன் கணவரின் முகத்தைத் தன் கையாலேயே வாசல் கதவிலிருந்து சுரண்டினார். இதை எனக்கு யாரோ சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: "செப்டம்பர் வெயில் திராட்சைக் கொத்துகளின் மேல் தேனாக வழிந்து—"

வேண்டாம். விடுதி விளம்பரக்காரன் எழுதுகிற வரி இது. எனக்கும் அவனுக்கும் இப்போதைக்கு ஒத்துவராது.

இரண்டாவது: "மெத்தோதி செத்து ஒன்றரை வருஷமாகியும் வாசலை விட்டு நகரவில்லை." இது இருக்கட்டும்.

2

மெத்தோதி செத்து ஒன்றரை வருஷமாகியும் வாசலை விட்டு நகரவில்லை. நாற்பதாம் நாளுக்கு ஒரு அஞ்சலித் தாள், ஆறாம் மாதத்துக்கு ஒன்று, ஆண்டு முடிவுக்கு ஒன்று என்று அவர் படத்தோடு கறுப்புக் கரை போட்டு அச்சடித்து, ஸ்லாவ்கா முறைப்படி வாசல் கதவில் ஒட்டிவந்தார். ஒட்டிய தாளை எங்கள் ஊரில் யாரும் கிழிப்பதில்லை. வெயிலும் மழையும் எடுத்துக்கொண்டால் சரி. ஆண்டுத் தாளுக்கு ஸ்லாவ்கா தானே மாவுப் பசை காய்ச்சி, கெட்டியாகப் பூசி, எந்த மழைக்கும் அசையாதபடி ஒட்டியிருந்தார். அவர் செய்த தப்பு அதுதான்.

அறைகளுக்கு ஆள் பிடிப்பது மகள் கலினா. பிளோவ்திவ் நகரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் போனில் நடத்துவாள்.

"அம்மா, நெட்ல ஒருத்தங்க நம்ம வீட்டைப் பத்தி எழுதியிருக்காங்க."

"என்னடி குறை? காலைல சுட்டுக் குடுத்த பனித்சால பாலாடைக்கட்டி பத்தலையாமா?"

"பனித்சா பிரமாதமாம். ரூம் பிரமாதமாம். ஒயின் அதைவிடப் பிரமாதமாம். கடைசியில ஒரு வரி: 'நிம்மதி தேடி வருகிறவர்களை இறந்துபோன ஒருவர் வாசலிலேயே நின்று பார்க்கத்தான் வேண்டுமா?'"

"உங்கப்பாவா? உசுரோட இருந்தப்பவே அந்த மனுஷன் யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லையே!"

"விளையாடாதம்மா. அதைப் படிச்சிட்டு ரெண்டு பேர் வரலைன்னுட்டாங்க."

"வராட்டி போகட்டும்."

"போகட்டும்னா? அப்பா வெச்ச தோட்டத்தை அப்புறம் யாரு பாத்துப்பா?"

ஸ்லாவ்கா போனை வைத்தார். நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் காலையில் ஒரு வாளி வெந்நீரும் சமையலறைக் கத்தியுமாக வாசலுக்கு வந்தார். தாளை முழுசாக உரித்தெடுத்து ஒயின் நிலவறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுவதாகத் திட்டம். அங்கே இருட்டு, விருந்தாளிகள் எட்டிப்பார்க்க மாட்டார்கள், மெத்தோதிக்கும் பிடித்த இடம்.

வேலிக்கு அந்தப் பக்கம் தோதோர்கா. முப்பது வருஷப் பக்கத்து வீடு.

"என்ன ஸ்லாவ்கா, இடத்தைக் காலி பண்றே? மாப்பிள்ளை யாரு?"

"யாரா இருந்தா என்ன, உன் வீட்டைப் பார்த்துட்டு பயந்துதான் என் வீட்டுக்கு வர்றான். போய் வேலையைப் பாருடி."

சிரித்துக்கொண்டே கத்தியை அழுத்தினார். தாள் மூக்குக்குக் குறுக்காகக் கிழிந்தது. கண்ணும் நெற்றியும் கூழாகிக் கத்தியோடு வந்துவிட்டன. வாயும் மீசையும் பெயரும் கதவிலேயே நின்றன. பசை விடவே இல்லை.

3

இந்த இடத்தில் ஸ்லாவ்காவை நான்கு வரி அழவைத்தேன். பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். அந்த அம்மாள் அப்படிப்பட்டவர் இல்லை. (எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் பொறுங்கள்.) கத்தியில் ஒட்டியிருந்ததை வழித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் மத்தியானம் வரை நின்றார். குப்பையில் போட முடியாது. மண்ணில் புதைத்தால் இரண்டாம் முறை புதைத்ததாகும். கடைசியில் அடுப்பில் போட்டார்.

மிச்ச முகத்தின் மேல் ஒரு காய்ந்த மிளகாய்ச் சரத்தைத் தொங்கவிட்டார். இப்போது வருகிறவர்கள் அந்தச் சிவப்புச் சரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிரித்தபடி.*

* "வேறே தாள் அச்சடிச்சா ஆச்சு" என்று கலினா சொல்லத்தான் செய்தாள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தேதி உண்டு. அடுத்தது இரண்டாம் ஆண்டுக்கு, ஏப்ரலில். அதுவரை மனுஷனுக்குக் கண் கிடையாது.

4

யாரோ சொன்னார்கள் என்றது பொய். நெட்டில் அந்த வரியை எழுதியவன் நான்.

செப்டம்பரில் மூன்று நாள் அங்கே தங்கினேன். வால்நட் மர நிழலில் நாற்காலி போட்டு, தின்றேன், குடித்தேன், தூங்கினேன். என் மனைவி ரலித்சா மார்ச்சில் போய்விட்டாள். ஆறாம் மாதத் தேதி சரியாக அந்த மூன்று நாளுக்குள் வந்தது. அச்சடித்த இருபது தாள்கள் கார் டிக்கியில் கிடந்தன. சோபியாவில் எங்கள் குடியிருப்பு வாசலிலும், பேருந்து நிறுத்தத்திலும், அவள் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடக் கதவிலும் நான்தான் ஒட்டியிருக்க வேண்டும். முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். வந்து இறங்கினால் வாசலில் மெத்தோதி.

மூன்று நாளும் அந்த ஆளைப் பார்த்து எனக்குப் பொறாமை. அவருக்குக் கதவு கிடைத்திருந்தது, ரலித்சா டிக்கியில் கிடந்தாள். கிளம்புகிற நாளில் அந்த வரியை எழுதினேன். பெயர் போடவில்லை.

நவம்பரில் திரும்ப வந்தேன். ஸ்லாவ்காதான் எல்லாவற்றையும் சொல்லி, மிளகாய்ச் சரத்தைத் தூக்கியும் காட்டினார். "அந்த நாய்க்குட்டிக்காரி இல்ல, வர்னாவிலேர்ந்து வந்தாளே, அவ வேலைதான் இது. அடுத்த மாசம் மறுபடி ரூம் கேட்டிருக்கா. இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டேன்."

"இருக்கும்," என்றேன். அந்த ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டு போக முடியவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

5

முடிவுகள் சில கைவசம் உண்டு.

ஸ்லாவ்கா என் டிக்கியில் தாள்களைக் கண்டுபிடித்து, புதிதாகப் பசை காய்ச்சி, மெத்தோதியின் பக்கத்தில் ரலித்சாவை ஒட்டுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அவர் அப்படி மன்னிப்பதை நானே எழுதிக்கொள்வது திருட்டு.

நான் அந்த வரியை அழித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சோபியாவுக்கு— (அழித்தாகிவிட்டது. கண்கள் திரும்பவில்லை.)

நாய்க்குட்டிக்காரியே வந்து நின்று—

6

இன்று காலை, சாப்பாட்டு மேஜை. "மூணு நாளா என்னதான் எழுதறீங்க?" என்று ஸ்லாவ்கா கேட்டார். முதல் நான்கு பகுதிகளையும் அவர் பக்கம் தள்ளினேன். எதிரில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கிறார். "யாரோவா? நான்தானே சொன்னேன்!" என்று முதல் தாளிலேயே அதட்டினார். கதையில் தோதோர்கா வந்ததும் சிரித்தார். "நான் இதைவிடக் காரமா குடுத்தேன், நீங்க சக்கரை போட்டுட்டீங்க." கத்தி வந்த இடத்தில் விரல் அதே வரியில் திரும்ப ஓடியது. அடுப்பு வந்தபோது எழுந்து போய் ரொட்டியைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

இப்போது மூன்றாம் பகுதியின் கடைசியில் இருக்கிறார். நீங்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். அவர் இன்னும் தாண்டவில்லை.

"அதை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று தலை நிமிராமல் கேட்கிறார். "இல்ல, கதையில கடைசி வரைக்கும் அந்த நாய்க்காரிதானா?"

"அடுத்த தாள்ல இருக்கும்மா," என்கிறேன்.

விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அவர் தாளை—