துவக்குப் பெட்டியின் அடித்தட்டு

கத்தியின் அலகு பாதிவழியில் முறிந்தது.

சுதர்ஷிகா முறிந்த துண்டை நகத்தால் கிள்ளி மேசையில் எறிந்துவிட்டு, பிடியை அழுத்திப் புது அலகைத் தள்ளினாள். மணி இரண்டே முக்கால். மூன்றரைக்கு முனீபின் லொறி வெளிக்கிட வேண்டும். நான்குக்கு அப்பா வெளிக்கிட வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம், முன் விறாந்தையில், செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. பெண்களின் குரல் ஏறும்போது கத்தியை இழுத்தாள். இறங்கும்போது நிறுத்தினாள். ஃபோம் அறுபடுகிற சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் பிரேதம் கிடக்கிற வீட்டில் எந்தச் சத்தமும் பெரிதுதான்.

"அப்பன் பெட்டிக்குள்ள கிடக்கிறான், மகள் பெட்டிக்கு ஃபோம் வெட்டுறாள்." தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றாள் இராசமலர் மாமி. அப்பாவின் தங்கை. "முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஆறு. எங்கயும் இப்பிடி ஒரு செத்தவீடு நான் காணேல்லை."

"வெளிச்சத்தை மறைக்காமல் நில்லுங்கோ மாமி."

"நிக்கிறன், நிக்கிறன். அண்ணன்ர வாய் அப்பிடியே உனக்கு வந்திருக்கு."

மாமி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். சுதர்ஷிகா அதைத் தொடவில்லை. மேசையில் வேறு இடமில்லாததால் மாமி கோப்பையை வைத்தது, நேற்றுக் காலை அப்பாவின் முகம் கிடந்த இடத்தில்.

பத்தரை மணிக்கு அம்மாதான் கண்டாள். மேர்வின், அறுபத்து நான்கு வயது, ஓட்டோக்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் இருக்கை தைத்துக் கொடுத்த மனிதர், கையில் கத்தியோடு மேசையில் கவிழ்ந்து கிடந்தார். தூக்கி எடுத்தபோது, கறுப்பு ஃபோமில் கன்னம் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. பிறகு அது மெல்ல, யாரோ கீழேயிருந்து மூச்சு விடுவது போல, மேலெழுந்தது. சுதர்ஷிகா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போதும் அந்தப் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்தான் இந்தப் பெட்டி வேலை வந்தது. கப்பல்களுக்குக் காவல் ஆட்களை அனுப்புகிற ஒரு கொழும்புக் கம்பனி. துவக்கு, காவல்காரரின் துப்பாக்கி, வைக்கிற கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டிகள். உள்ளே துவக்கு ஆடாமல் அசையாமல் கிடக்க, அதன் உருவத்துக்கே வெட்டிய ஃபோம் வேண்டும். துவக்கு ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. அதே அளவில் மரத்தில் இழைத்த மாதிரிதான் வரும். அதை ஃபோமில் படுக்க வைத்து, வெள்ளைப் பென்சிலால் சுற்றிக் கீறி, கோட்டுக்கு இரண்டு மில்லிமீற்றர் உள்ளே வெட்ட வேண்டும். கோட்டிலேயே வெட்டினால் ஆடும். உள்ளே வெட்டினால்தான் இறுக்கிப் பிடிக்கும்.

ஊரில் சிரித்தார்கள். மகனைப் பறிகொடுத்தவன் துவக்குக்கு மெத்தை போடுகிறான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அப்பா இருக்கை வேலையைக் குறைத்தார். துவக்குப் பெட்டியைக் கூட்டினார்.

மகன், அஞ்சலோ. சுதர்ஷிகாவின் அண்ணா. இரண்டாயிரத்து ஏழு யூலையில், பத்தொன்பது வயதில், பஸ் ஏறி ரவுணுக்குப் போனவன் திரும்பவில்லை.

இன்று காலை கம்பனிக்காரன் தொலைபேசியில் அனுதாபம் சொன்னான். சொல்லிவிட்டு, "ஆறும் பின்னேரம் கப்பலுக்கு ஏறவேணும். ஏலாதெண்டால் சொல்லுங்கோ, எங்கட ஆக்கள் ஜீப்பில வந்து இருக்கிறபடி எடுப்பினம்," என்றான்.

பிரேதத்தின் தலைமாட்டில் இருந்த அம்மா எல்சிக்கும் அந்தக் குரல் கேட்டது. செபமாலை உருட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"காவல் உடுப்புப் போட்ட ஒருத்தரும் என்ர படலைக்குள்ள கால் வைக்கக்கூடாது. நீ வெட்டு."

அதுதான் இந்த வெட்டு.

ஐந்து பெட்டிகளை அப்பாவே முடித்திருந்தார். ஆறாவதிலும் பெரிய பள்ளம் முடிந்து, பக்கத்தில் இரண்டு சின்னப் பள்ளங்கள்தான் பாக்கி. அவள் அந்த இரண்டையும் வெட்டித் தூக்கினாள். ஓரம் சுத்தமாக வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து இருக்கைகளுக்கு ஃபோம் வெட்டிய பழக்கம். கை மறக்கவில்லை.

பின்படலை கிறீச்சிட்டது. கிண்ணியா முனீப். கம்பனிக்கும் அப்பாவுக்கும் நடுவில் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற லொறிக்காரர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்.

"தங்கச்சி, அவசரப்படாம செய்யுங்க. மையத்து வீட்டுல வந்து வேல கேக்கிறது எனக்கே வெக்கமா இருக்கு."

"முடிஞ்சுது நானா. பத்து நிமிசம்."

"மேர்வின் அண்ணன் இருந்தா இந்நேரத்துக்கு ரெண்டு ஏச்சு ஏசியிருப்பாரு. 'லொறிய இங்கின விடாதடா, என்ட மல்லிகைய மிதிக்காதடா' எண்டு." சிரிக்கப் போனவர், முன்பக்கம் அழுகுரல் ஒன்று எழுந்ததும், வாயை மூடிக்கொண்டார்.

சுதர்ஷிகா மரத்துவக்கைத் தூக்கிப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். முன்பக்கம் இறங்கியது. பின்பக்கம் ஆடியது.

எடுத்துத் திருப்பி வைத்தாள். மறுபடியும் ஆடியது.

அப்பா வெட்டிய பள்ளம் ஆடுவதா? நூலளவு பிழைத்தாலும் முழுத் தகட்டையும் எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டுகிற மனிதர். விரலை விட்டுத் தடவினாள். அடியில், மெல்லிய ஃபோம் அடித்தட்டுக்குக் கீழே, ஏதோ தடித்திருந்தது. பசை கட்டியாகிவிட்டதாக்கும். அடித்தட்டு ஒரு ஓரத்தில் மட்டும்தான் ஒட்டியிருந்தது. நகத்தைக் கொடுத்துக் கிளப்பினாள்.

அண்ணா அவளைப் பார்த்தான்.

பிளாஸ்ரிக் உறையிட்ட அட்டை. உள்ளங்கை அளவு. அடையாள அட்டைக்கு எடுத்த படம், காது இரண்டும் தெரிய, சிரிப்பை அடக்கிக்கொண்டு. கீழே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சின்ன எழுத்து. பெயர். வயது. அம்மாவின் கைத்தொலைபேசி இலக்கம். 'என்ன தெரிந்தாலும் சொல்லுங்கள். உங்கள் பெயரைக் கேட்கமாட்டோம்.'

அவளுடைய கை அடுத்த பெட்டிக்குப் போனது. அதன் அடித்தட்டைக் கிளப்பினாள். அங்கே அட்டை தடிக்கவில்லை. தட்டின் கீழ்முகத்தில் அதே அளவுக்கு ஒரு பள்ளம் சுரண்டி, அதற்குள் அச்சொட்டாக அமர்த்தியிருந்தது. அடுத்ததிலும் அப்படி. ஐந்திலும் அப்படி. ஆறாவதற்குப் பள்ளம் சுரண்டத்தான் அப்பாவுக்கு நேரம் போதவில்லை.

பன்னிரண்டு வருஷம். எத்தனை பெட்டி? எண்ண அவளுக்குத் தைரியம் வரவில்லை. கப்பல் காவலுக்குப் போகிறவர்கள் யார்? படையில் துவக்குப் பிடித்துப் பழகி ஓய்வு பெற்றவர்கள். அந்த வருஷங்களில் இந்த ஊர்ச் சந்திகளில் நின்றவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள். நடுக்கடலில், வேலையில்லாத ஒரு பொழுதில், ஒருவன் பெட்டியைத் துடைக்கத் தட்டைக் கிளப்புவான். அண்ணா அவனைப் பார்ப்பான்.

அதற்குத்தான் அப்பா துவக்குக்கு மெத்தை போட்டார்.

அப்பா இனி இல்லை. ஆனால் அட்டையைக் கண்ட ஒருவன் தேடி வந்தால் வீடு இதேதான். புருஷன் பற்றிக்குத் துறைமுகத்தில் வேலை நிரந்தரமாகிற கடிதம் அடுத்த மாதம். மகள் பள்ளிக்கூடம் போவது இதே தெருவால். ஆறு அட்டைகளையும் உருவி அடுக்கினாள். அடுக்கும்போதுதான், நடுவில் இருந்த ஒரு வரி கண்ணில் பட்டது.

'கடைசியாகக் கண்ட இடம்: எங்கள் வீட்டு வாசல். மாலை 6.40.'

வாசலா?

முறைப்பாட்டில் பஸ் நிலையம் என்றுதான் இருந்தது. காணாமல் போனவர்களை விசாரித்த எல்லா ஆணைக்குழுவுக்கும் எல்லா மனுவையும் எழுதியவள் அவள்தான். கையெழுத்து அழகென்று பதினான்கு வயதிலேயே அவளைத்தான் எழுத வைத்தார்கள். 'பஸ் நிலையத்தில் கண்டவர்கள் உண்டு. வீடு வந்து சேரவில்லை.' அந்த வசனத்தை நித்திரையிலும் சொல்லுவாள்.

"எடுத்ததை வை."

அம்மா நின்றாள். கறுப்புச் சேலை. கையில் சுற்றிய செபமாலை. பிரேதத்தை விட்டு எழும்பி வந்திருந்தாள்.

"அம்மா, உங்களுக்கு இது தெரியுமோ?"

"வை எண்டனான்."

"ஏலாது. இது ஆரும் கண்டால்? அதோட இடமும் பிழை. அப்பா மறதியில வாசல் எண்டு அடிச்சிருக்கிறார், பாருங்கோ."

அம்மா பார்க்கவில்லை. கையை நீட்டினாள். "தா. நானே வைக்கிறன். அவர் பள்ளம் சுரண்டுவார். வைக்கிறது எப்பவும் நான்தான்."

அட்டைகள் கைமாறின. அம்மா முதல் பெட்டியில் குனிந்தாள். அட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பள்ளத்தில் வைத்து, கட்டைவிரலால் நான்கு மூலையையும் அமர்த்தினாள். பிள்ளைக்குப் போர்வை செருகுவது போல.

"பிழை இல்லை," என்றாள், இரண்டாவது பெட்டியில். "வாசலுக்கு வந்தவன்."

சுதர்ஷிகா பெட்டியின் மறுபக்கம் வந்தாள்.

"எங்கட வாசலுக்கோ?"

"ஓம்."

"தட்டினவனோ?"

"மூண்டு தரம்."

"அப்பா வீட்டில நிண்டவரோ?"

"நிண்டவர்."

"அவருக்குக் கேட்டதோ அம்மா?"

மூன்றாவது பெட்டி. நான்காவது. அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை.

"கேட்டது."

ஐந்தாவதும் முடிந்தது. ஆறாவதற்குப் பள்ளம் இல்லை. சுதர்ஷிகா கத்தியை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. தட்டின் கீழ்முகத்தைச் சுரண்டினாள். அப்பாவைப் போல நேர்த்தியாக வரவில்லை. அம்மா கடைசி அட்டையை வைத்தாள். பசை. அழுத்தம். மரத்துவக்கு இறங்கியது. ஆடவில்லை.

முனீப் பெட்டிகளை இரண்டிரண்டாகத் தூக்கிப் போனார். ஏற்றி முடித்து, தலையைக் குனிந்து, "கடைசி மட்டும் நிண்டு போக ஏலாமப் போச்சு. மன்னிச்சுக்கங்க," என்றார். யாரிடம் சொன்னாரோ. லொறி மல்லிகையை மிதிக்காமல் பின்னோக்கிப் போய்த் திரும்பியது.

முன்விறாந்தை நிறைந்திருந்தது. பாதர் வந்துவிட்டார். செபம் முடிந்து, தீர்த்தம் தெளித்தாயிற்று.

"கடைசியா முத்தம் கொஞ்சிறாக்கள் வந்து கொஞ்சுங்கோ," என்றான் சவப்பெட்டிக் கடை ஆள். மூடியைத் தலைப்பக்கம் ஒருவனும் கால்பக்கம் ஒருவனுமாகத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

மாமி கொஞ்சி அழுதாள். பற்றிக் நெற்றியைத் தொட்டுவிட்டு ஒதுங்கினான். பேத்தியை யாரோ தூக்கிக் காட்டினார்கள். அம்மா நெற்றியில் உதடு வைத்து, நெடுநேரம் எடுக்காமல் இருந்தாள்.

சுதர்ஷிகா நின்ற இடத்தில் நின்றாள்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பவுடர் பூசி, தலை வாரி, யாருடையதோ முகம் போலிருந்தது. மூன்று தரம். கேட்டது. கேட்டுக்கொண்டு இந்த மனிதன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார். பிறகு அவள் மனு எழுதும்போது பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, 'பஸ் நிலையம்' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை அவளுக்கு.

"போ பிள்ளை," மாமி முதுகில் தள்ளினாள். "நேரம் போகுது."

"எனக்கு வேண்டாம்."

"என்னடி கதை இது? பெத்த தகப்பன்."

"வேண்டாமெண்டால் விடுங்கோ மாமி."

சனம் சலசலத்தது. பாதர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மூடி இறங்கத் தொடங்கியது. அப்பாவின் கால்கள் மறைந்தன. செபமாலை கட்டிய கைகள் மறைந்தன. முகத்துக்கு மேல் நிழல் விழுந்தது.

அம்மா பெட்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை. மகளின் தோளைப் பிடித்து, காதுக்குள், செபம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அண்டைக்கு நீ உள்ளுக்குக் காய்ச்சலில கிடந்தனி. வெளியில அவனுக்குப் பின்னால ரெண்டு மோட்டார் சைக்கிள் வந்து நிண்டது. அவர் திறக்கத்தான் போனவர், பிள்ளை."

மூச்சு ஒன்று காதில் பட்டுப் போனது.

"தாழ்ப்பாளைப் பிடிச்சது நான்."

சுதர்ஷிகாவின் கை, இறங்கிக்கொண்டிருந்த மூடியின் விளிம்பைப் பிடித்தது. மூடியைப் பிடித்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அதை இன்னும் ஒரு சாண் மேலே தூக்கினார்கள்.