கவிழ்த்த நாலு சீட்டு

அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு, இனி தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யார் வீட்டுக்குப் போவது என்பதை மட்டும் சொல்லவில்லை. விவரமானவர்.

நானும் அண்ணனும் மூன்று வாரமாக, "நீ சொல்லுடா", "நீயே சொல்லுண்ணே" என்று மரியாதையில் போட்டி போட்டோம். என் வீட்டில் இரண்டு அறை, நான்கு பேர். அண்ணன் வீட்டில் மூன்று அறை, ஒரு அண்ணி.

கடைசியில் அம்மாவே சீட்டுக்கட்டை எடுத்தாள். "நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் புது இடுப்பே முளைச்சிடும். ஓமஹா போடுறேன். ஜெயிக்கிறவன் வீட்டுக்கு வர்றேன்."

யூனிஃபார்ம் தைத்துப் பிழைத்தவள். பந்தயத்துக்குச் சட்டைப் பொத்தான்கள். ஓமஹா ஒருவகை போக்கர்: கையில் நாலு சீட்டு, மேஜையில் ஐந்து வரை விரியும். கையிலிருந்து இரண்டு, மேஜையிலிருந்து மூன்று சேர்த்து, ஒரே இனமாகவோ வரிசையாகவோ பெரிய சேர்க்கை அமைகிறவன் ஜெயிப்பான்.

நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊருக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லிக்கொடுப்பவன். சீட்டில் எனக்கு பிரேக்கே கிடையாது. வராத சீட்டுக்குக் காத்திருந்தே தோற்பவன். ஆனால் அன்று ஒரு மணி நேரமாக இருவரும் மாற்றி மாற்றிச் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தோம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஞானம் வந்திருக்கு," என்றாள் அம்மா. "போதும். இதுதான் கடைசி ஆட்டம். இதுல ஜெயிக்கிறவன் வீடுதான்."

எனக்கு ஹார்ட்டின் ஏஸும் ஜாக்கும், கூடவே வேறு இனத்தில் பத்தும் ஏழும். மேஜையில் முதல் மூன்று: ஹார்ட்டினில் ஒன்பது, இரண்டு, டைமனில் எட்டு. இன்னும் இரண்டு வர வேண்டும். கண்ணில் படாத நாற்பத்தைந்து சீட்டில் இருபத்திரண்டில் எது வந்தாலும் எனக்கு இனமோ வரிசையோ சேரும். நாலு தரம் ஆடினால் மூன்று தரம் ஜெயிக்கிற கை.

அண்ணன் தன் பொத்தான் அத்தனையையும் நடுவில் தள்ளினான். அவனிடம் ஒன்றும் இல்லை. பொய் சொன்னால் மூக்கு வியர்க்கும் அவனுக்கு; வியர்த்திருந்தது. நான் எப்படியும் விடமாட்டேன், ஆடி ஜெயித்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் தள்ளியிருந்தான்.

"என்னடா, வர்றியா?"

இந்தக் கையைக் கவிழ்க்கிறவன் ஒன்று ஆட்டம் தெரியாதவனாக இருக்க வேண்டும், இல்லை அம்மா வேண்டாம் என்பவனாக. எனக்கு ஆட்டம் தெரியும்.

"இல்லண்ணே. கை சரியில்ல." கவிழ்த்தேன்.

அண்ணனின் முகம் ஜெயித்தவன் முகமாக இல்லை.

கவிழ்த்ததை யாரும் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அம்மா பார்ப்பாள், பார்த்துத் திட்டுவாள். என் சீட்டுகளை எடுத்து விரித்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறாள். இருபத்திரண்டு வரை எண்ண இவ்வளவு நேரமா ஆகும்?

"என்னம்மா வெச்சிருந்தான்?" அண்ணன் எட்டிப் பார்த்தான்.

அம்மா அவற்றைக் கட்டுக்குள் செருகிக் கலைத்தாள்.

"குப்பைடா. கவிழ்த்தது சரிதான். இன்னைக்குத்தான் உன் தம்பி ஒழுங்கா ஆடியிருக்கான்."

என் ஆட்டத்தை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

வாக்கரைப் பிடித்து எழுந்து அண்ணனைக் கேட்டாள்: "எனக்குக் குடுக்கப்போற ரூம்ல ஜன்னல் இருக்காடா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மேஜைக்கடியில் குனிந்து, கீழே விழாத பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.