ஒரு கிளாஸ் கசிவு

சுனாம்கஞ்ச் மாவட்டத்தில் வெள்ளத்தை முறைப்படி அறிந்தவன் நான் ஒருவன்தான். தற்பெருமை இல்லை, கல்லூரியில் அதற்கு இரண்டு பரீட்சை எழுதி, ஒன்றில் தேறியும் இருக்கிறேன்.

சித்திரையில் எங்களுக்கு வடக்கே மேகாலய மலையில் மூன்று நாள் மழை. மண்கரைக்கு அந்தப் பக்கம் ஆறு ததும்பியது. இந்தப் பக்கம், ஆற்றைவிடப் பள்ளத்தில், ஊரின் நெல் முழுவதும் அறுப்புக்கு ஐந்து நாள் இருக்க நின்றது. கரையடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. எனக்குச் சின்னம்மா முறையான மொமேனா சாச்சி அதை டீ கிளாசில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சாச்சி, சர்பத்தா? சக்கரை போதுமா?"

"தெளிஞ்சு வந்தா வெறும் கசிவு. கலங்கி வந்தா உள்ளே கரை அரிக்குது. காலேஜ்ல சொல்லலையா, தொஃபாயில்?"

"காலேஜ்ல இதுக்குக் கருவி இருக்கு. கிளாஸ் கேண்டீன்லதான்."

"அப்போ கருவி வர்ற வரைக்கும் ஆத்தை நிக்கச் சொல்லு."

அடுத்த கிளாஸ் கலங்கி வந்தது. சாச்சி போட்ட சத்தத்தில் ஊரே மண்மூட்டையோடு ஓடி வந்தது.

"ஓட்டையை அடைங்க!" என்று கத்தினேன்.

"அடைச்சா வேற இடத்துல பிச்சுக்கும்டா. சுத்தி அடுக்கு!" என்றார் சாச்சி.

கசிவைச் சுற்றிக் கிணறுபோல மூட்டை அடுக்கினோம். உள்ளே தண்ணீர் இடுப்பளவு ஏறியதும் அதன் பாரத்தில் கசிவின் வேகம் அடங்கியது. மாலையில் ஆறும் ஒரு சாண் இறங்கியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்கள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சாச்சி விட்டுப்போன கிளாசைக் கழுவி, மூட்டை மேல் வழிந்த தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினேன். ஒரு துகள் மண் இல்லை. இன்னொரு கிளாசும் பிடித்துப் பார்த்தேன்.