எந்தக் கப்பல்?

பர்கிஸ் அம்மாள் வருவதற்கு முன்பே அம்மா என்னிடம் சொல்லிவைத்தாள். "பிஸ்கட்ட எடுத்தா நேரா வாயில வையி. மேசையில தட்டாத."

தட்டுவது அம்மாவின் பழக்கம்தான். கடிக்குமுன் மேசை விளிம்பில் இரண்டு தட்டு. பிஸ்கட்டிலிருக்கும் புழு உதிர்வதற்காகக் கைதிக் கப்பலில் பழகியது என்று ஒருமுறை காய்ச்சலில் உளறினாள். அக்காவுக்கு அது தெரியாது. கைதிகளை நாடுகடத்தும் தீவில் இருக்கும் எங்கள் ஹோபார்ட்டில் பாதிப் பேர் தண்டனை பெற்றுக் கப்பலேறி வந்தவர்கள். கேட்டால் எல்லோரும் தாங்களே காசு கொடுத்து வந்ததாகச் சொல்வார்கள்.

அக்கா கெஸியாவைத் தன் மகன் எட்வினுக்குக் கேட்டு வந்திருந்தாள் பர்கிஸ் அம்மாள். அக்காவும் எட்வினும் வெளியே ஆப்பிள் மரத்தடியில் நின்றார்கள். நான் அடுப்பருகே.

"பையன் ஆசைப்பட்டுட்டான். ஆனா எங்க குடும்பத்துல அரசாங்கச் செலவுல வந்தவங்க யாரும் கெடையாது. நீங்க எப்படி?" அரசாங்கச் செலவு என்றால் கைதிக் கப்பல்.

அம்மாவின் கழுத்து சிவந்தது. "எங்க மாமா கூட்டிட்டு வந்தாருங்க."

எங்களுக்கு மாமாவே கிடையாது.

"எந்த ஊரு மாமா?"

"கார்க்."

"கார்க்ல எங்க?"

அம்மா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். அக்காவின் கல்யாணம் அந்தப் பதிலில் தொங்கியது. நான் ஓடிப்போய்த் தட்டை நீட்டினேன். அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் பர்கிஸ் அம்மாள் ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். மேசை விளிம்பில் டக், டக்.

சத்தம் அவளுக்கும் கேட்டுவிட்டது. பிஸ்கட் பிடித்த கை அப்படியே நின்றது.

அம்மா சிரித்திருக்கலாம். குத்திக் காட்டியிருக்கலாம். தானும் ஒன்றை எடுத்து இரண்டு தட்டு தட்டினாள்.

பர்கிஸ் அம்மாள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எந்தக் கப்பல்டி?"

"லேடி கார்மெல். நீ?"

"ஆனி மோர்லாண்ட். ரெண்டு கரண்டிக்கு ஏழு வருஷம். வெள்ளின்னு நெனச்சு எடுத்தேன், தகரம்!"

அம்மா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"நடுக்கடல்ல மழை பெஞ்சுதா உங்களுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"பெய்யாம? எல்லாரும் மேல்தட்டுல தலைமுடிய அவுத்துப் போட்டு நின்னோம். கப்பல் டாக்டர் கத்துறாரு, ஒருத்தியும் கீழ எறங்கல."

"உப்பெல்லாம் போயி முடி பட்டாட்டம் ஆயிடுச்சு," என்றாள் அம்மா. "ஜூடித்னு ஒருத்தி எனக்குப் பின்னிவிட்டா. கரை எறங்கினதும் ஆளுக்கொரு வீட்டு வேலைக்குப் பிரிச்சுட்டாங்க. அவ எங்க போனாளோ. அத்தன பேரோட சேந்து அப்புறம் நான் சிரிச்சதே இல்லடி."

அம்மாவின் கை தன் நரைத்த கொண்டையைத் தொட்டுப் பார்த்தது. இருபது வயதுப் பெண்ணின் முகம் ஒன்று அவளிடம் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

வாசலில் காலடி கேட்டது.

"எம் பையனுக்குத் தெரியாது," என்றாள் பர்கிஸ் அம்மாள் அவசரமாக.

"கெஸியாவுக்கும்தான்."

கதவு திறந்தது. "என்னம்மா, பேசி முடிச்சீங்களா?" என்றான் எட்வின். அக்கா அவன் பின்னால் மூச்சைப் பிடித்தபடி நின்றாள்.

"இப்பத்தான் தொடங்கியிருக்கோம்," என்று அம்மா பக்கம் தட்டை நகர்த்தினாள் பர்கிஸ் அம்மாள். "நீங்களும் எடுத்துக்குங்கம்மா."

அம்மாவும் பர்கிஸ் அம்மாளும் ஆளுக்கொரு பிஸ்கட்டை எடுத்து, நேராக வாயில் வைத்தார்கள். மேசைக்கு அடியில் பர்கிஸ் அம்மாளின் பூட்ஸ் மெதுவாக இரண்டு முறை தரையைத் தட்டியது. அம்மாவின் பழைய செருப்பு பதிலுக்குத் தட்டியது.