குணசீலன் கிளிக்குக் கொடுத்த சொல்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குணசீலனின் வாயிலிருந்து 'வாங்க' என்ற சொல் ஒரு சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டது. மற்ற சொற்களெல்லாம் அப்படியே இருந்தன. மஞ்சளுக்கு விலை சொன்னான், லாரி டிரைவரைத் திட்டினான், முருகா என்று விபூதி பூசினான். அந்த ஒரு சொல்லுக்காக வாயைத் திறந்தால் மட்டும் காற்று வந்தது. சொல் போன இடமும் ஊருக்குத் தெரியும். முன்வாசல் கூண்டில் அவன் வளர்த்த கிளிக்குஞ்சிடம் அது இருந்தது.

அந்தப் பக்கத்தில் வாசல் மிதித்தவரை 'வாங்க' என்று கூப்பிடாவிட்டால், வடை பாயசத்தோடு இலை போட்டாலும் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அப்படிக் கூப்பிடாமல் விட்டதற்காகப் பங்காளிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் கிழவர்களாகிப்போனதுண்டு. குணசீலனுக்கு அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை, மண்டிக்கும் வீட்டுக்கும் ஒரே வாசல். வருகிறவர்களுக்கெல்லாம் போனிலிருந்து தலையைத் தூக்கி, எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சொல்வது அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. வியாபாரம் இல்லாமல் வருகிறவர்களிடம் இன்னும் அலுப்பு. அக்கா ராசாத்தியின் வீட்டுக்காரர் மயில்சாமி அந்த வகை. பனமரத்துப்பட்டியில் குத்தகை நிலத்தில் அரளி பறிப்பவர், பஸ் ஏறி ஒரு பை பூவோடு வந்து, மச்சினன் எப்போது நிமிர்ந்து பார்ப்பான் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்.

இதற்கு ஒரு கிளி போதும் என்று குணசீலனுக்குத் தோன்றியது. மூட்டை தூக்கும் கந்தன் பனைப்பொந்திலிருந்து ஒரு குஞ்சை எடுத்துவந்தான்.

"கிளி வளத்தக் கூடாதுன்னு சட்டமிருக்குதாமுங்க."

"கூண்டு மேல துணியப் போட்டுட்டா சட்டத்துக்குக் கண்ணு தெரியாது கந்தா."

குணசீலன் சாக்குச் சணல் வெட்டும் கத்தரியால் அதன் இறகுகளை நறுக்கினான். கம்பு மாவைப் பிசைந்து விரல் நுனியில் வைத்து ஊட்டினான். முதலில் மூலையில் ஒடுங்கி, கிட்டே போனால் கடித்த குஞ்சு, சில நாளில் விரலில் ஏறியது, சட்டைக் காலருக்குள் தலையை நுழைத்துத் தூங்கியது. அதோடு விட்டிருந்தால் அது பிரியமாகவே நின்றிருக்கும். அவனுக்குச் சொல் வேண்டும். கொய்யாத் துண்டைக் கூண்டுக்கு வெளியே பிடித்துக்கொண்டு 'வாங்க' என்பான். குஞ்சு பேசாவிட்டால் துண்டைத் தானே தின்றுவிடுவான்.

"கொஞ்சம் குடுங்க. அது உங்க மூஞ்சியவே பாக்குது," என்றான் கந்தன்.

"பசிதான் வாத்தியார்."

சொல்லச் சொல்ல அந்தச் சொல் தன் வாயில் இளைத்துக்கொண்டே வந்ததை அவன் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை குஞ்சு அவன் குரலிலேயே 'வாங்க' என்றது. பெருமை தாங்காமல் முழுக் கொய்யாவைக் கொடுத்தான். அடுத்து வந்த விவசாயிக்குச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் காற்று வந்தது. ராசிபுரத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது, ஒரு சொல்தானே, சமாளியுங்கள் என்று அனுப்பிவிட்டார். குணசீலனும் சமாளித்தான். கிளி கூப்பிட்டது, அவன் போனைப் பார்த்தான்.

வைகாசியில் திருச்செங்கோட்டுப் பெண் அகல்யாவோடு அவனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அங்கெல்லாம் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்யாமல் தாலி ஏறாது. குணசீலனுக்கு இருந்தது ஒரே அக்கா. தேதி கேட்க ராசாத்தியும் மயில்சாமியும் வந்தார்கள். கிளி 'வாங்க' என்றது. குணசீலன் பழக்கத்தில் குனிந்தே இருந்தான். அப்புறம் அக்காவின் சேலை கண்ணில் பட்டு, பதறி எழுந்து வாயைத் திறந்தான். காற்றுதான்.

"கிளி கூப்புடறதுக்கு நான் என்ன கிளியூட்டுக்கா வந்திருக்கறேன்?" என்றாள் ராசாத்தி.

"உடு புள்ள. இந்த ஊட்ல அதுக்காவது வாய் வந்துச்சே," என்றார் மயில்சாமி.

தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்கள். பூப்பை மட்டும் வாசற்படியில் இருந்தது.

சொல் போய்விட்ட கதையை ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல் வாயில் இருந்த இத்தனை வருஷத்தில் மாமாவுக்கு ஒரு நாளாவது எழுந்து நின்று அதைச் சொன்னோமா என்று நினைத்துப் பார்த்தான். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. கூண்டைத் திறந்து கிளிக்கு மாவு உருண்டையை நீட்டினான். அது உருண்டையைக் கொத்துமுன் அவன் முகத்தைப் பார்த்து 'வாங்க' என்றது. சொல்லாமலே தின்னட்டும் என்று அடுத்த உருண்டையைக் கிட்டே வைத்தான். அதற்கும் அவசரமாக 'வாங்க' என்றது. ஒவ்வொரு வாய்க்கும் அப்படியே சொன்னது. வருகிறவரை மகிழ்விக்க மனிதர்களுக்குக் கடவுள் கொடுத்த சொல்லை, ஒரு குஞ்சு அடி விழுமோ என்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் கிளியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் பனமரத்துப்பட்டி போனான். மயில்சாமி வாசலில் அரளி மொட்டைக் குவித்துக்கொண்டிருந்தார். குணசீலன் வேலிப் படலுக்கு வெளியே நின்று வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். ராசாத்தி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் காதுமடல் சிவந்துபோயிருந்ததை அவள்தான் கண்டாள்.

"வா சாமி. வெய்யில்ல நிக்காத," என்றாள். அந்தச் சொல் அவளிடம் குதிர் குதிராகக் கிடப்பதுபோல அவ்வளவு சுலபமாக வந்தது.

மயில்சாமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த கிளிக்கு ஒரு பச்சை மிளகாயை நீட்டினார். அப்புறம் சந்தேகத்தோடு கையை இழுத்துக்கொண்டார். "இது என்னமோ சொல்லோணுமல்ல?"

"ஒன்னுஞ் சொல்ல வேண்டாங்க மாமா," என்றான் குணசீலன் தலையைத் தூக்காமல். "சும்மா குடுங்க."

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ராசாத்தி சொன்னாள்: "வாயில்லீன்னா கையிருக்குதல்ல? கையால கூப்புடு."

ஆவணியில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை மண்டப வாசலில் விடிந்ததிலிருந்து கை கூப்பி நின்றான். ஏழை பணக்காரன் பார்க்காமல் வந்தவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். "மாப்பிள்ளையா, வாட்ச்மேனுங்களா?" என்று பெண் வீட்டார் சிரித்தார்கள். மயில்சாமியை முன்வரிசையில் உட்காரவைத்தபிறகும் அவர் கையை அவன் விடவில்லை. அவரும் அவன் கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ராசாத்தி இணைச்சீர் செய்தாள்.

கிளி அக்கா வீட்டிலேயே கூண்டில்லாமல் இருந்து, இறகு முளைத்ததும் அந்த ஊர் ஏரிக்கரைப் பனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. குஞ்சு பொரித்தது. இப்போது அந்தக் கரையில் இருக்கும் கிளிகளெல்லாம் குணசீலன் குரலில்தான் 'வாங்க' என்கின்றன. பூக்கூடையோடு போகிறவர்கள் அண்ணாந்து பார்க்காமலே, "வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறார்கள்.